நான் நேர்ந்து கொடுத்த வயலின்

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடமாகிறது. மூன்று தடவை நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டு, சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று எழுதி, அதோடு மூடி வைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் படிப்பில்லாதது அல்ல. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் முப்பது வருடம் சரக்குச் சீட்டு எழுதியவனுக்குக் கை ஓடும். மனசுதான் ஓடவில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் என் மனைவியைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பிள்ளை சாகக் கிடந்தபோது, தான் உயிராக வைத்திருந்த வயலினை அவள் மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாளாம், பிள்ளை பிழைத்ததாம். பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அதில் பிள்ளை பிழைத்தது மட்டும்தான் உண்மை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் தூரக் கடலில் நிற்கும். தோணிகள் போய் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். இப்போது கப்பலே கரையோடு ஒட்டி நின்றது. இத்தாலிக்காரனும் ஜெர்மன்காரனும் போலந்துக்காரனும் கடைத்தெருவில் இளநீர் குடித்துக்கொண்டு நடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் கோவில் பாடகர் குழு மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநாள் பூசைகளுக்கு வயலின், தரையில் ஊன்றி இழுக்கிற செல்லோ எல்லாம் வாசிக்கிற பன்னிரண்டு பேர் அவர் கையில் இருந்தார்கள். துறைமுக குமாஸ்தா, பல் டாக்டர், உப்பளத்து மேஸ்திரி என்று எல்லாம் பகலில் வேறு பிழைப்பு உள்ளவர்கள். கொழும்பிலிருந்து தோணியில் வந்த ஆளுயர பாஸ் வாத்தியம் ஒன்றும் இருந்தது. அதன் வயிற்றில் விழுந்த வெடிப்பைத் தோணி ஓட்டை அடைக்கிறவர்தான் அடைத்துக் கொடுத்திருந்தார். இந்தப் பன்னிரண்டு பேரையும் மாஸ்டர் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்றார். ஆகஸ்டில் மாதா திருநாள் கொடி இறங்கிய பிறகு ஆரம்பித்து, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்குமுன் முடிகிற மாதிரி ஐந்து கச்சேரி. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு நாட்டுச் சங்கீதம். கோவில் வளாகத்து அறிவிப்புப் பலகையில் ‘சர்வதேச சங்கீத சீசன்’ என்று சிவப்பு மையில் எழுதிப் போட்டார்.

டீக்கடை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“முத்துக்குளிக்கச் சீசன் கேள்விப்பட்டிருக்கேன். சாளை மீனுக்குச் சீசன் உண்டு. பிடிலுக்கு என்ன வே சீசன்?”

“அஞ்சு நாட்டுச் சங்கீதம் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவயும் ஒரு நாடு.”

“நம்ம நாடு எப்ப வருது?”

டீக்காசை வைத்துவிட்டு வந்தேன்.

சீசன் தொடங்குவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது வயலின்காரர் ஒருவர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த நாள் மாலை மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் மனைவி கொழும்பில் வளர்ந்தவள். அங்கே கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டு வருடம் வயலின் படித்தவள். அவளுடைய அப்பா சின்னக் கடைக்காரர். தனக்கென்று ஒன்றும் வாங்காமல் மகளுக்கு அந்த வயலினை வாங்கிக் கொடுத்தார். குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிய வருடமே அவர் இறந்துவிட்டார். எங்களுக்குக் கலியாணம் ஆனபோது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த வயலின் பெட்டியுமாகத்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆறு வருடமாக அது அலமாரிக்கு மேலே இருந்தது.

“ஏலே, உன் வீட்டுல கொழும்பு வயலினு சும்மா கெடக்குன்னு சொல்லுதாங்க,” என்றார் மாஸ்டர்.

“சும்மா கெடக்கல மாஸ்டர். கிறிஸ்மசுக்கு எடுப்பா.”

“வருசத்துக்கு ஒரு தடவ எடுக்க அது என்ன சப்பரமாலே?”

உள்ளே அடுப்படியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். கோவில் ஆட்கள்தானே, எல்லாம் தெரிந்தவர்கள்தானே என்று நான் சரி சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

பொம்பிளை தெருவில் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் பெட்டியை நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது நாலு வயது. அண்ணாச்சி கடையிலிருந்தே சத்தம் கொடுப்பார்: “பொண்டாட்டி வாசிக்கா, நீரு பொட்டி தூக்குதீரு! நல்ல சோடிதான் வே!” நானும் சிரித்துக்கொண்டு போவேன். அந்தப் பெட்டி என் சைக்கிளில் போவது ஊருக்குப் பழகிப்போனது. பின்னால் அது எனக்கு வசதியாகிவிட்டது.

முதல் கச்சேரி போர்த்துக்கல். நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாடு என்று மாஸ்டர் அதை முதலில் வைத்தார். பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. கன்னியாஸ்திரீகள், மேசைக்காரர்கள் என்று சொல்கிற ஊர்ப் பெரிய வீட்டு ஆட்கள், கப்பல் ஆபீசர்கள் நாலைந்து பேர், மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இரண்டாவது உருப்படி மெதுவானது. செல்லோ தனியாக இழுத்துக்கொண்டு வர, வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் கோவிலில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டு முழங்காலில் நின்றாள். பக்கத்தில் இருந்தவள் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மண்டபமே முழங்காலில் நின்றது, நானும்தான். கப்பல் ஆபீசர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களும் முழங்காலில் நின்றார்கள். மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கையசைத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. முடித்துவிட்டுத் திரும்பியவர் திகைத்துப்போய், நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார். பின்வரிசையில் வாசித்துக்கொண்டிருந்த என் மனைவி வயலினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது கச்சேரி இத்தாலி. அதற்குள் மாஸ்டர் அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது ஜெர்மனி, கார்த்திகை மழையில். மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை இறங்கியதும் வில் அசைவதுதான் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மாஸ்டர் நிறுத்திவிட்டார். சும்மா இருப்பானேன் என்று, கோவிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் எழுந்து செபமாலை ஆரம்பித்தார். ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்க மழையும் விட்டது. விட்ட இடத்திலிருந்து ஜெர்மனியைத் தொடர்ந்தார்கள்.

கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கச்சேரி வேண்டாம் என்று நிறுத்தி, நாலாவதைச் சனவரியில் வைத்தார்கள். அது ரஷ்யா. அன்று முன்வரிசையில் அடிக்கடி வந்துபோகிற போலந்துக் கப்பல் ஒன்றின் இஞ்சினியர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. இத்தாலிக் கச்சேரிக்கும் வந்திருந்தவர்தான். அப்போதே என் மனைவி வாசிப்பதைக் கவனித்திருக்கிறார். முடிந்ததும் நேரே அவளிடம் போய்க் குனிந்து வணங்கி, ஒரு கட்டு நோட்ஸ் தாளைக் கொடுத்தார். அவர் ஊர்ச் சங்கீதம், அவரே கையால் படி எடுத்தது. ஒரு வயலின் தனியாகவும் மற்றவர்கள் அதற்குத் துணையாகவும் வாசிக்கிற உருப்படி. நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் வில்லை இறக்கிவிட வேண்டும். அந்த ஒரு வயலின் மட்டும் போகும். இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் மற்றவர்கள் மெல்ல வந்து சேர்ந்துகொள்வார்கள்.

மாஸ்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அஞ்சாவது நாடு போலந்து. தனியா வாசிக்கது நீதாம்மா.”

அதிலிருந்து என் வீட்டில் அந்தத் துண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு எடுப்பாள். மகள் கட்டிலுக்கு அடியில் சொப்பு வைத்து விளையாடுவாள். நான் சாப்பிட வரும்போது வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பேன். ஓரிடத்தில் நிற்பாள், திரும்பவும் அதே இடம், திரும்பவும். பிறகு அது ஒரு நாள் தடங்காமல் போயிற்று. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாத வேறு யாரோ என்று மட்டும் தோன்றியது.

நான் கதவைத் தட்டினால் அந்த ஆள் போய்விடும். என் மனைவி வந்து சோறு போடுவாள். சோறு நேரத்துக்கு இருந்தது. குழம்பில் உப்பு குறையவில்லை. பிள்ளையின் தலை வாரியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்குக் குறையாக இருந்தது. துறைமுகத்தில் இரண்டு பேர் என்னைக் காட்டி, “வயலினம்மா வீட்டுக்காரரு இவருதான்,” என்று பேசிக்கொண்டார்கள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாவது நாள் பிள்ளைக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்து ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டது. டாக்டர், இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். என் மனைவி கட்டிலை விட்டு நகரவில்லை. நான் மத்தியான வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். கோவிலில் ஒருவரும் இல்லை. மாதா பீடத்துக்கு முன்னால் விழுந்தேன்.

எங்கள் கடற்கரையில் நேர்ச்சை என்பது மூச்சு விடுவது மாதிரி. வலை நேர்வார்கள், மொட்டை நேர்வார்கள், வெள்ளியில் கண்ணும் காலும் செய்து கொண்டுவந்து கட்டுவார்கள், கால்நடையாக வருகிறேன் என்பார்கள். எனக்கு என்னென்னவோ இருந்தது நேர்வதற்கு. சைக்கிள் இருந்தது. விரலில் கலியாண மோதிரம் இருந்தது. விடமுடியாத புகையிலை இருந்தது. ஆனால் என் வாயில் வந்தது இதுதான்:

“பிள்ளையத் தந்துரு தாயே. வீட்டுல இருக்கதுலயே பெரிய பொருளு அந்த வயலினு. அத உன் காலடியில வச்சிருதேன்.”

பயத்தில் வந்த வார்த்தை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். பயம் உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லாத பொருளை அந்தப் பயம் எப்படித் தேடிப் பிடித்தது?

எட்டாவது நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கஞ்சி கேட்டது. அன்றைக்கே வீட்டுக்குப் போய், அலமாரி மேலிருந்து பெட்டியை எடுத்துச் சைக்கிளில் கட்டினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. “பிள்ளைக்கு எப்படி வே இருக்கு?” என்று அண்ணாச்சி கேட்டார், நல்லாயிருக்கு என்றேன்.

பங்குச் சாமியார் வயதானவர், நிதானமானவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“நேர்ச்சை கொடுக்கவரு அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரரா இருக்கணும். இது யாருது?”

“எங்க வீட்டுது சாமி.”

“உம்ம மனைவிக்குச் சம்மதம்தானா?”

“சம்மதம் சாமி.”

கோவிலுக்குள் நின்று, மாதாவுக்கு முன்னால் சொன்ன பொய் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகளை மடியில் வைத்து ரொட்டியைப் பாலில் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், நடுவில் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள்.

“பன்னெண்டு நாளாச்சு, தந்தியெல்லாம் இறங்கிப் போயிருக்கும். ஏங்க, பெட்டி எங்கன?”

“மாதா கோவில்ல.”

“ஒத்திகைக்குக் கொண்டுபோய் வச்சிட்டீங்களா?”

“இல்ல. பிள்ளைக்காக நேர்ந்துக்கிட்டேன். கொடுத்துட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்து அடுத்த துண்டு ரொட்டிக்குக் காத்திருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்து மீதி ரொட்டியைக் கொடுத்து முடித்தாள்.

அவளால் என்ன பேசியிருக்க முடியும்? திருப்பிக் கேள் என்று சொன்னால், பிள்ளையை நீயே திருப்பி எடுத்துக்கொள் என்று மாதாவிடம் சொன்னது போலாகிவிடும். எந்தத் தாய் அதைச் சொல்வாள்? கணவனோடு சண்டை போடலாம். பிள்ளை உயிரோடு கட்டிவைத்த ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? இது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அவள் அடங்கினவள், பக்தியுள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. இரண்டு நாள் கழித்து மாஸ்டர் வந்தார். தன் சொந்த வயலினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“பொருளுதானம்மா போச்சு. கை இருக்குல்லா? இதுல வாசி. கையசைக்கவனுக்கு வயலினு எதுக்கு?”

அவள் அந்த வயலினைக் கையில் வாங்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது. என்னைப் பார்த்தாள், முதல் நாள் பார்த்த மாதிரியே. எனக்கு அப்போது பயம் ஒன்றும் இல்லை. பிள்ளை முற்றத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. மனசு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவோடு நான் சொன்னேன்:

“நான் நேர்ந்தது வயலின மட்டும் இல்ல மாஸ்டர். வாசிப்பையும் சேத்துத்தான்.”

நான் அப்படி நேரவில்லை. மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வார்த்தைகள்தான் நான் நேர்ந்தது. வாசிப்பு என்ற சொல்லே அதில் இல்லை.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “மாதா கேட்டாளா, நீ கொடுத்தியாலே?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வயலினைத் திரும்பத் துணியில் சுற்றினார். அவள் உள்ளே போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

ஐந்தாவது கச்சேரி, தபசு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. கோவில் குழு நடத்துகிற கச்சேரிக்குப் போகாமல் இருக்க முடியாது என்று நாங்களும் போனோம். இஞ்சினியரும் வந்திருந்தார். மேடையில் அவளைத் தேடினார். பெண்கள் பக்கத்தில், மடியில் பிள்ளையோடு அவளைக் கண்டதும் எழுந்து நின்று, கையை விரித்து, என்ன என்று கேட்பது போல் நின்றார். அவள் பிள்ளையைக் காட்டித் தலையசைத்தாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது.

தனி வயலினை மாஸ்டரே வாசித்தார். வயதான கை. நோட்டுப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். மற்றவர்கள் வில்லை இறக்குகிற இடம் வந்தபோது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருதாம்,” என்று பக்கத்தில் சொல்லிவிட்டு வெளியே போனாள். கச்சேரி முடிகிறவரை திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது மகள் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு, “எனக்கு ஒண்ணும் வரலப்பா. அம்மாதான் கூட்டிட்டுப் போனா,” என்றது. அவள் பின்னால் நடந்து வந்தாள். கேட்டிருக்கும்.

அதோடு அந்த ஆர்க்கெஸ்ட்ராவும் அடுத்த சீசன் நடத்தவில்லை. அதற்கு நூறு காரணம் சொன்னார்கள். ஆள் இல்லை என்றார்கள், மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை என்றார்கள். என்னை ஒருவரும் சொல்லவில்லை.

வயலினை மாதா பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில், வெள்ளிக் கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில் வைத்தார்கள். அடுத்த திருநாளில் வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்த சாமியார் ஒருவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் கைத்திறனையே தேவமாதாவுக்குப் பலியாக்கிய ஒரு தாய் இந்தப் பங்கில் இருக்கிறாள் என்றார் அவர். சனங்கள் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பூசை முடிந்து நோயாளிப் பிள்ளையோடு ஒருத்தி வந்து, “நீ தொட்டுச் செபி தாயி,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தாள். வருடம் போகப் போக, அவள் கனவில் மாதா வந்து வயலின் கேட்டதாகக் கதை வளர்ந்தது. கடற்காற்றில் வயலினின் பசை விட்டு, மேற்பலகை பிளந்து வாய் திறந்துகொண்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் நாங்கள் பூசை கண்டோம்.

மகள் படித்து, வேலைக்குப் போய், முதல் வருடமே அம்மாவுக்கு ஒரு வயலின் வாங்கித் தருகிறேன் என்றாள். “வேண்டாம் மக்கா. அது உன் உயிருக்கு ஈடு வச்சது. தொடக்கூடாது,” என்றாள் என் மனைவி. நான் பக்கத்தில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அப்போது விரல்கள் நன்றாக மடங்கின. நான் பக்கத்தைத் திருப்பினேன்.

சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், சோம்பலைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. கடைசியில் என்னைத் தெரியாத சாமியாரிடம் சொல்லலாம் என்று தருவைகுளத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடவுளுக்குக் கொடுத்தேன்னு சொல்லி உம்ம வீட்டம்மாட்ட இருந்து எடுத்திருக்கீரு. முதல்ல அவுகட்ட போய்ச் சொல்லும்,” என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் கழித்தேன்.

போன மழைக்காலத்தில் சொன்னேன். அடுப்படியில் அவள் ஊளி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“உன்கிட்டக் கேக்காமத்தான் அந்த வயலினக் கொடுத்தேன். சாமிட்ட, உனக்குச் சம்மதம்னு பொய் சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள். தலையைத் தூக்கவில்லை. “மறு வாரமே சாமி என்னயக் கூப்பிட்டுக் கேட்டாக. மனசோட கொடுத்தியாம்மான்னு. ஆமான்னுட்டேன். உங்களப் பொய்யன்னு எப்படிச் சொல்ல?”

எனக்காக அவளும் ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறாள். மீதியையும் சொன்னேன்.

“வாசிப்பயும் சேத்து நேர்ந்தேன்னு மாஸ்டர்ட்டச் சொன்னேம்லா. அப்படி நேரல. அது நானாச் சொன்னது.”

மீன் கழுவுகிற கை நின்றது. இது அவளுக்குத் தெரியாது. குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரல் கணுவெல்லாம் வீங்கியிருந்தது. பத்து வருடமாக அவளுக்கு மூட்டுவாதம். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

“அப்ப நான் வாசிச்சிருக்கலாமா?”

“வாசிச்சிருக்கலாம்.”

“இத்தன வருசமுமா?”

“ஆமா.”

அவள் அழவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பவும் குழாயைத் திறந்து மீனைக் கழுவி முடித்தாள். அன்றைக்கும் குழம்பு வைத்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் காலையில் செபம் முடித்துவிட்டுச் சொன்னாள்:

“மன்னிச்சேனா இல்லையான்னு இப்பக் கேக்காதீங்க. எனக்கே தெரியல. ஆனா கோவில்ல என்னயப் பத்திச் சொல்லுதாகளே, அது எனக்கு வேண்டாம். நான் கொடுக்கல. அந்தக் கடைசிக் கச்சேரியில வாசிக்கணும்னுதான் இருந்தேன். எவ்வளவு ஆசப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. அத எழுதுங்க.”

அதனால்தான் எழுதுகிறேன். இப்போதிருக்கும் பங்குச் சாமியாரிடமும் ஒரு படி கொடுக்கப் போகிறேன். இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எங்கேயாவது அந்தப் பழைய கதையைச் சொல்லக் கேட்டால், இதைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவளைப் புனிதவதி ஆக்க வேண்டாம். என்னைப் பாவத்தை உணர்ந்து திருந்தியவனாகவும் ஆக்க வேண்டாம். நான் உண்மையைச் சொல்வதற்குள் அவள் விரல்கள் மடங்காமல் போய்விட்டன. மாதாவைக் குறை சொல்லவும் வேண்டாம், அவள் எங்களிடம் வயலின் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வயலின் வாசிக்கத் தெரிந்திருந்தது. வாசிக்க ஆசைப்பட்டாள். அவள் புருசன் அதை எடுத்துவிட்டு, கடவுள் பேரைச் சொன்னான். இப்படியே சொல்லுங்கள்.